நீருக்கு ஒரு வழி

நிலத்தை நாம் பொறுமைக்கும் உறுதிக்கும் உவமையாகச் சொல்லி வருகிறோம். ஆனால் வீடும் பாலமும் அணையும் கட்டும் தொழிலில் பழகியவர்களைக் கேட்டால், நிலம் எல்லா இடத்திலும் ஒரே உறுதி உடையதன்று என்பார்கள். ஓரிடத்தில் யானையைத் தாங்கும் மண், மற்றோரிடத்தில் ஆட்டுக் குட்டியின் குளம்புக்கும் இடங்கொடுத்து உள்வாங்கும். கோடையில் கல்லாக நிற்கும் அதே களிமண், ஐப்பசி அடைமழைக்குப் பின்னர் கூழாக நெகிழ்கிறது. மண் மாறவில்லை, அதற்குள் இருக்கும் நீரின் அளவுதான் மாறியிருக்கிறது. அந்த நீரை மனிதர் எவ்வாறு புரிந்துகொண்டனர், எவ்வாறு அதற்கு வழி வகுத்தனர் என்ற வரலாற்றையே இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஓர் எளிய உண்மையை மனத்திற் கொள்வோம். மண் என்பது துகள்களும் அவற்றுக்கிடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளும் சேர்ந்த ஒன்று. அவ்விடைவெளிகள் முழுவதிலும் நீர் நிரம்பியிருக்கும்போது மேலிருந்து பாரத்தை ஏற்றினால், அந்தப் பாரத்தை முதலில் தாங்குவது நீரே. நீருக்கு அழுத்தம் உண்டு. ஆயின் ஒன்றையொன்று பற்றி நிற்கும் வலிமை கிடையாது. நீர் மெல்ல மெல்ல வெளியேறிய பின்னரே துகள்கள் நெருங்கி, ஒன்றன்மேல் ஒன்று தோள் கொடுத்துப் பாரத்தைத் தாங்கத் தொடங்குகின்றன. நம் வீடுகளில் தயிரை மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். நீர் வடிய வடியத் தயிர் கெட்டிப்படுகிறது, அளவிலும் குறைகிறது. ஈரக் களிமண்ணுக்கு நேர்வதும் இதுவே. மணலில் நீர் விரைவாக ஓடிவிடும். களிமண்ணிலோ இடைவெளிகள் மிக நுண்ணியவை. நீர் வெளியேற மாதங்களும் ஆண்டுகளும் ஆகின்றன. கட்டடக் கலையின் பெருந்தொல்லைகளுள் ஒன்று இந்தத் தாமதத்தில்தான் பிறக்கிறது.

இவ்வரலாற்றைச் சொல்ல நான் மணவூரைத் தொடக்கமாகக் கொள்கிறேன். திருத்தணி மலைக்கும் திருவாலங்காட்டுக்கும் அண்மையில், திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையேயுள்ள இருப்புப்பாதையின்மேல் அமைந்த சிற்றூர் அது. பழந்தொண்டை மண்டலத்தின் இருபத்துநான்கு கோட்டங்களுள் ஒன்று மணவிற்கோட்டம். அதற்குப் பெயர் தந்த மணவில் என்னும் ஊர் இம்மணவூரே என்று வரலாற்றறிஞர் கருதுவர். இந்த வட்டாரத்து மழை ஆண்டு முழுவதும் பரவிப் பெய்வதன்று. வடகிழக்குப் பருவக் காற்றோடு சில வாரங்களில் கொட்டித் தீர்க்கும். கொட்டிய நீரை நிறுத்தி வைக்க ஏரி வேண்டும். ஏரிக்குக் கரை வேண்டும். கரை கட்டக் கிடைப்பது கைக்கெட்டிய மண். ஆகவே நீரைத் தடுக்கும் சுவரை, நீரால் நெகிழும் பொருளைக்கொண்டே கட்ட வேண்டிய நிலை நம் முன்னோர்க்கு ஏற்பட்டது.

ஏரிக்கரையைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு தெரியும். உட்சரிவில் அலை அரிக்காமலிருக்கக் கல் பதித்திருப்பார்கள். மண்ணைக் கூடை கூடையாகக் கொட்டி, படைபடையாகப் பரப்பி, நீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குவார்கள். மிகுதி நீர் கரைமேல் ஏறாதபடி கலிங்கு வழியே வெளியேறும். பாசன நீர் மதகு வழியே செல்லும். இவற்றோடு, கண்ணுக்கு எளிதில் படாத மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. எத்தனை இடித்து இறுக்கினாலும் கரையின் உடலுக்குள் சிறிது நீர் ஊறிக்கொண்டே இருக்கும். வெளிச்சரிவின் அடியில் அது கசியும். அனுபவமுள்ள குடியானவன் அந்தக் கசிவைக் கண்டு அஞ்சுவதில்லை. கசிவின் நிறத்தைப் பார்ப்பான். தெளிந்த நீர் வந்தால், நீர் மட்டும் வருகிறது என்று பொருள். கலங்கல் நீர் வந்தால், நீரோடு கரையின் மண்ணும் வருகிறது. உள்ளே பொந்து உண்டாகிறது. அன்றிரவே கரை உடைந்தாலும் உடையலாம் என்று பொருள். இக்காலத்துப் பொறியியல் நூல்களும் மண்ணணையைக் காவல் செய்வோர்க்கு இதே எச்சரிக்கையைத்தான் சொல்லுகின்றன.

கரை உடைவது அக்காலத்தில் சிறு செய்தியன்று. ஓர் ஏரி உடைந்தால் அவ்வாண்டின் விளைச்சல் போயிற்று. கீழே இருக்கும் ஏரியின் கரைக்கும் ஆபத்து வந்தது. இதனாலன்றோ உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், ஊராட்சிக் குழுக்களை வகுக்கும்போது ஏரிக்கென்றே ஒரு வாரியத்தை ஏற்படுத்தின! ஊரார் ஒன்றுகூடிக் கரையைச் செப்பனிடும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. வெள்ளக் காலத்தில் ஏரி, ஆறு இவற்றின் கரை உடையாமற் காக்க ஊராரை வேலைக்கு அழைக்கும் அதிகாரத்தை 1858-இல் சென்னை மாகாணத்தில் சட்டமாகவே இயற்றினார்கள். வழக்கத்தால் நடந்ததைச் சட்டத்தால் நடத்த வேண்டி வந்ததிலிருந்து, வழக்கம் எவ்வளவு தளர்ந்துவிட்டது என்பதை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

மணவில் தந்த பெருமகன் ஒருவனையும் இங்கே நினைவுகூர வேண்டும். முதற் குலோத்துங்கனுக்கும் விக்கிரம சோழனுக்கும் படைத்தலைவனாய் விளங்கிய மணவிற் கூத்தன் காலிங்கராயன், நரலோகவீரன் என்னும் பட்டமும் பெற்றவன். போரிற் பெற்ற புகழை விடத் திருப்பணிகளாற் பெற்ற புகழே அவனுக்குப் பெரிது. சிதம்பரத்திலும் திருவதிகையிலும் உள்ள கல்வெட்டுகள் அவன் செய்த பணிகளை நிரல்படக் கூறுகின்றன. தில்லையில் நூற்றுக்கால் மண்டபம் எடுத்தான். மாசித் திருநாளில் இறைவன் கடலாடச் செல்லும்போது தங்குவதற்கு ஒரு மண்டபமும், அங்குச் செல்ல ஒரு பெருவழியும் அமைத்தான். சிதம்பரத்திலிருந்து கடலை நோக்கிச் செல்லும் நிலம் தாழ்ந்தது. ஆற்று வண்டலும் கழியின் ஈரமும் கலந்தது. அத்தகைய நிலத்தில் வழி அமைப்பவன் முதலில் வெல்ல வேண்டிய பகை நீரே. வழியை உயர்த்த வேண்டும். இருமருங்கும் நீர் ஓட இடம் விட வேண்டும். ஏரிகள் நிறைந்த தொண்டை நாட்டிற் பிறந்தவனுக்கு இப்பாடம் புதிதாக இருந்திராது என்று எனக்குத் தோன்றுகிறது.

களிமண்ணைப் பற்றிப் பேசினோம். இனி மணலைப் பார்ப்போம். காவிரியின் குறுக்கே நிற்கும் கல்லணை, பாறையின்மீது எழுந்ததன்று. ஆழங்காண முடியாத ஆற்றுமணலின்மீது எழுந்தது. பெருங்கற்களை மணலிலே இட்டார்கள், அவை அமிழ்ந்தன. மேலும் இட்டார்கள்; அமிழ்ந்து அமிழ்ந்து ஒருநிலையில் நின்றன. அவற்றின்மேல் களிமண் சாந்தோடு கல் அடுக்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காவிரிக்கு வந்த ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன், நெகிழ்ந்த மணலில் கடைக்கால் போடும் முறையை இப்பழைய அணையிலிருந்தே கற்றுக்கொண்டதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவ்வறிவைக்கொண்டு 1836-ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையையும், பின்னர்க் கோதாவரியில் தவளேசுவரம் அணையையும் கட்டினார். அணைக்கு அடியில் நீர் சிறிது ஊர்ந்து செல்லலாம். மணலை மட்டும் அது தூக்கிச் செல்லக் கூடாது. ஏரிக்கரையின் அடியில் கசிவு நீரின் நிறத்தைப் பார்த்த குடியானவன் அறிந்ததும், ஆற்றுமணலில் அணை கட்டியவன் அறிந்ததும் ஒரே பாடம் என்பதைக் கவனியுங்கள்.

மேலணை எழுந்து இருபது ஆண்டுகள் கழிந்தபின், மணவூர் வழியே புதியதொரு கரை வந்தது. அது நீரை நிறுத்த வந்ததன்று; புகைவண்டியைத் தாங்க வந்தது. தென்னாட்டின் முதல் பயணியர் இருப்புப்பாதை 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரையில் திறக்கப்பட்டது. திருவள்ளூரையும் மணவூரையும் அரக்கோணத்தையும் கடந்தே அப்பாதை சென்றது. நான் அவ்வழியே செல்லும்போதெல்லாம், பாதைக்கு இருபுறமும் தொடர்ந்து வரும் பள்ளங்களையும், சிறிதும் பெரிதுமான நீர்ப்போக்குப் பாலங்களையும் எண்ணிக்கொண்டு போவதுண்டு. பெயரில்லாத அந்தச் சிறு பாலங்களை யாரும் படம் எடுப்பதில்லை. ஆயினும் வண்டி ஓடுவது அவற்றின் தயவால்தான்.

இருப்புப்பாதையின் கீழே கிடக்கும் கருங்கற் சல்லியை மாணவர்கள் பலர் வெறும் மெத்தை என்று எண்ணுகிறார்கள். மெத்தையாக இருந்து அதிர்ச்சியைத் தாங்குவது அதன் ஒரு பணி. மழைநீரைத் தன்னுள் தங்கவிடாமல் கீழே இறக்கி ஓரத்துக்கு அனுப்புவது மற்றொரு பணி. சல்லியின் இடைவெளிகளில் மண் அடைத்துக்கொண்டால் நீர் தேங்கும், சக்கரத்தின் பாரம் விழுந்தோறும் தேங்கிய நீரும் அடிமண்ணும் குழைந்து சேறாக மேலே பீறிடும், தண்டவாளம் தாழும். அதனால்தான் சல்லியை அவ்வப்போது கிளறிச் சலித்துத் தூய்மை செய்கிறார்கள். கரைக்கு மேற்புறத்திலிருந்து வரும் வெள்ளம் கரையை மோதாமல் ஒதுங்கிச் செல்ல ஓரக் கால்வாய் வெட்டுகிறார்கள்.

வழி போதாதபோது நேர்வது என்ன என்பதை நம் நாடு கண்ணீரோடு கற்றிருக்கிறது. மணவூர் வழியே செல்லும் பாதை அரக்கோணத்திலிருந்து வடமேற்கே திரும்பிப் பம்பாய் வரையிற் சென்றது. அப்பாதையில், கடப்பை மாவட்டத்து மங்கப்பட்டணத்துக்கு அருகே, 1902-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் வெள்ளம் ஒரு பாலத்தைக் கொண்டுபோக, இரவில் வந்த அஞ்சல் வண்டி அந்த இடைவெளியில் வீழ்ந்தது. பின்னர் 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் விடியற்போதில், சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு வண்டி அரியலூருக்கு அண்மையில் மருதையாற்றில் கவிழ்ந்தது. பெருமழையால் பொங்கிய ஆறு பாலத்தை அடுத்த மண்ணை அரித்துச் சென்றிருந்தது. நூற்று நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்விபத்துக்குப் பொறுப்பேற்று இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்தார். அவருடைய பண்பைப் போற்றும் நாம், அந்தக் கரையின் பாடத்தையும் மறவாதிருத்தல் வேண்டும். மண்ணும் நீரும் செய்யும் பிழைக்கு மன்னிப்புக் கிடையாது.

இவ்வளவு காலமும் மனிதர் அனுபவத்தால் அறிந்ததை அளவால் அறியச் செய்தவர் ஒருவர் உண்டு. பிராகா நகரில் 1883-இல் பிறந்த கார்ல் டெர்சாகி, முதல் உலகப் போர்க் காலத்தில் துருக்கிக்குச் சென்று, இஸ்தான்புல் நகரத்துப் பொறியியற் கல்லூரியில் ஆசிரியரானார். கையிற் கிடைத்த எளிய பொருள்களால் கருவிகள் செய்து, ஈரக் களிமண்ணை வளையத்துள் வைத்து, பாரம் ஏற்றி, அது நாளுக்கு நாள் எவ்வளவு தாழ்கிறது என்று அளந்தார். அவ்வாய்வின் பயனாக 1925-இல் வியன்னாவில் வெளிவந்த அவருடைய நூலே மண்ணியக்கவியல் என்னும் துறைக்கு அடிப்படையாயிற்று. பாரத்தை முதலில் நீர் தாங்குகிறது; நீர் விலக விலகத் துகள்கள் தாங்குகின்றன என்று நான் தொடக்கத்தில் கூறியது அவர் நிறுவிய உண்மையே.

அவர் கண்ட கணக்கில் வியப்பானது ஒன்று உண்டு. களிமண்ணிலிருந்து நீர் வெளியேற ஆகும் காலம், நீர் கடக்க வேண்டிய தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் இரு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும். தூரம் பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகும். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுகிறேன். 10 மீட்டர் கனமுள்ள களிமண் படுகை. அதன் மேலும் கீழும் மணல். நடுவிலுள்ள நீர் வெளியேற 5 மீட்டர் செல்ல வேண்டும். மண்ணின் இறுகும் வேகத்தைக் குறிக்கும் எண் ஆண்டுக்கு 1 சதுர மீட்டர் என்று கொண்டால், இறுக்கத்தில் நூற்றுக்கு 90 பங்கு முடிவதற்கு ஏறத்தாழ 21 ஆண்டுகள் ஆகும். இருபத்தோராண்டுகள் காத்திருந்து எவர் வீடு கட்டுவார்? காத்திராமல் கட்டினாலோ, கட்டடம் நின்றபின் நிலம் தாழும், சுவர் வெடிக்கும்.

தூரத்தைக் குறைத்தால் காலம் குறையும் என்று கணக்குச் சொல்லிற்று. மேலும் கீழுமாகச் செல்லும் நீருக்குப் பக்கத்தில் ஒரு வழி திறந்தால் என்ன? களிமண்ணுக்குள் செங்குத்தாகத் துளையிட்டு மணலை நிரப்பினால், நீர் சில அடி தூரம் பக்கவாட்டில் நகர்ந்து மணல் தூணை அடையும். அதன் வழியே எளிதாக மேலேறி வெளியேறும். அமெரிக்கப் பொறியாளர் டேனியல் மோரன் இம்முறைக்கு 1926-இல் காப்புரிமை பெற்றார். கலிபோர்னியாவின் நெடுஞ்சாலைப் பணிகளில் 1930-களில் இது சோதிக்கப்பட்டது. நாம் முன்பு எடுத்துக்கொண்ட அதே படுகையில், 2 மீட்டருக்கு ஒன்றாக 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள மணல் தூண்களை இறக்கினால், 21 ஆண்டுகள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டாகச் சுருங்குகின்றன.

இங்கே பலர் ஒரு தவறான எண்ணம் கொள்வதுண்டு. மணல் தூண், மண்டபத்துத் தூண்போல மேலுள்ள பாரத்தைத் தாங்குவதற்கன்று. நீருக்கு வழியாக இருப்பதற்கே. வழி திறந்தால் மட்டும் போதாது. நீரைப் பிழிந்தெடுக்கப் பாரமும் வேண்டும். எனவே வருங்காலக் கட்டடத்தின் பாரத்துக்கு ஒப்பாகவோ அதற்கு மேலாகவோ மண்ணை முன்னதாகவே மேடாகக் குவித்துவிடுவார்கள். நிலம் தாழ்வதை மாதந்தோறும் அளப்பார்கள். தாழ்வது நின்றபின் மேட்டை அகற்றிவிட்டுக் கட்டடத்தை எழுப்புவார்கள். தாழ வேண்டிய நிலம் முன்னரே தாழ்ந்துவிட்டதால், பின்னர்ச் சுவர் வெடிப்பதில்லை.

மணலுக்கு ஈடாக வேறு பொருள்களும் வந்தன. ஸ்வீடன் நாட்டில் உருவான அட்டைத் திரியைப் பற்றி 1948-இல் அறிஞர் உலகம் அறிந்தது. அட்டையின் இடத்தைப் பின்னர்ப் பிளாஸ்டிக் நாடா பிடித்துக்கொண்டது. நடுவில் நீரோடும் பள்ளங்களும், மேலே மண்ணைத் தடுக்கும் வடிதுணியும் கொண்டது அந்நாடா. 1980-களில் சிங்கப்பூரில், தேங்காய் நாரைக் கயிறாக உள்ளே வைத்துச் சணல் துணியால் போர்த்திய திரி ஒன்றை வகுத்தார்கள். பணி முடியும் வரையில் உழைத்துவிட்டுப் பிறகு மண்ணோடு மண்ணாக மக்கிப்போவது அதன் சிறப்பு. நம் கொல்லைத் தென்னையின் நார், கடலோரக் களிமண்ணை இறுக்கும் கருவியாயிற்று என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ? நம் நாட்டிலும் கொச்சியின் வல்லார்பாடத்துச் சரக்குப் பெட்டக முனையம் போன்ற துறைமுகப் பணிகளில் நாடாத் திரிகள் இறக்கப்பட்டிருக்கின்றன.

எல்லா இடத்திலும் வெற்றியே கிடைத்தது என்று சொல்ல முடியாது. ஜப்பானியர் ஒசாகாக் குடாவில் கடலைத் தூர்த்துக் கன்சாய் விமான நிலையத்தை அமைத்து 1994-இல் திறந்தார்கள். மேற்படுகைக் களிமண்ணில் மணல் தூண்களை இறக்கி நீரை வடித்தார்கள்; அப்படுகை எதிர்பார்த்தவாறே விரைவில் இறுகிற்று. தூண்கள் எட்டாத ஆழத்தில் கிடந்த பழம்படுகைகளோ பல்லாண்டுகள் தாழ்ந்துகொண்டே வந்தன. வழி கிடைத்த நீர் போயிற்று. வழி கிடையாத நீர் தன் காலத்தை எடுத்துக்கொண்டது.

நீரை எடுப்பதிலும் அளவு வேண்டும். மெக்சிகோ நகரம் பழைய ஏரிப் படுகையின்மீது அமைந்தது. குடிப்பதற்காக நிலத்தடி நீரை இடைவிடாது இறைத்ததனால் அடியிலுள்ள களிமண் தானே இறுகி, இருபதாம் நூற்றாண்டில் அந்நகரின் நடுப்பகுதி பல மீட்டர் தாழ்ந்தது, கோயில்கள் சாய்ந்தன. மண்ணை உறுதியாக்கும் அதே விதி, வேண்டாத இடத்தில் நகரத்தையே அமிழ்த்துகிறது. நம் ஊர்களில் கடைக்கால் தோண்டும்போது ஊற்று நீரை இரவும் பகலும் இறைப்பவர்கள், பக்கத்து வீட்டுச் சுவரையும் ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

சென்னையில் 2015-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தை உங்களிற் பலர் சிறுவயதில் கண்டிருப்பீர்கள், மற்றோர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி கட்டடங்களாலும் சாலைகளாலும் சுருங்கிவிட்டது. எஞ்சியதற்கு 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்பு வாய்ந்த ஈரநிலம் என்னும் தகுதி கிடைத்தது. ஒரு மனையின் அடிமண்ணை வடித்து உறுதியாக்குவதற்கு நம்மிடம் இன்று கருவிகள் உண்டு. ஆனால் அம்மனையிலிருந்து வடித்த நீரும், அங்கே முன்பு தங்கிய மழைநீரும் எங்கே போகும் என்று கேட்காமல் கட்டினால், நம் வீட்டுக்கு உறுதி தேடி அடுத்த தெருவுக்கு வெள்ளம் அனுப்பியவர்கள் ஆவோம். ஏரி வாரியம் அமைத்த ஊரார் தம் கரையோடு கீழ் ஏரியின் கரையையும் எண்ண வேண்டியிருந்தது. நகரத்தார்க்கும் அக்கடமை உண்டு.

மாணவர்களுக்கு ஒரு சிறு சோதனையைச் சொல்லி முடிக்கிறேன். ஒரே அளவுள்ள இரண்டு குவளைகளில் குழைத்த களிமண்ணை ஒரே உயரத்துக்கு நிரப்புங்கள். ஒன்றில் மட்டும், தாள் குழல் ஒன்றின் உதவியால், நான்கைந்து இடங்களில் அடிவரை ஈர மணலை இறக்கிக் குழலை உருவிவிடுங்கள். இரண்டின் மேலும் மெல்லிய மணல் படை பரப்பி, குவளையின் வாயை விடச் சற்றே சிறிய மரத்தட்டை வைத்து, ஒரே எடையை ஏற்றுங்கள். மேலே ஊறிவரும் நீரை அவ்வப்போது பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, தட்டு தாழும் அளவைக் காலையும் மாலையும் அளவுகோலால் அளந்து குறித்து வையுங்கள். மணல் இறங்கிய குவளையில் தட்டு முன்னதாகத் தாழ்ந்து முன்னதாகவே நிற்கும். மற்றதும் தாழும், ஆயின் தன் காலத்தை எடுத்துக்கொண்டு தாழும். டெர்சாகி இஸ்தான்புல்லில் அளந்ததும், மணவூர்ப் பக்கத்துக் குடியானவன் கரையடியில் குனிந்து பார்த்ததும் அந்த இரண்டு குவளைகளுக்குள் அடங்கியிருக்கக் காண்பீர்கள். நாளை உங்களிற் சிலர் பாலமும் சாலையும் வீடும் கட்டப் போகிறவர்கள். வரைபடம் போடும்போது, பாரம் எங்கே இறங்குகிறது என்று கேட்பதற்கு முன்னால், நீர் எவ்வழியே போகிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.